வேலையோ வீடோ மாறும்போது தினமும் பத்து நிமிடம் ஆண்டவரோடு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்துக்கு யாரும் சும்மா குடிவருவதில்லை. வாழ்க்கையில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். தோட்டம் கைமாறி, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்திருப்பீர்கள். வாழ்க்கைப்பட்டு வந்திருப்பீர்கள். தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்திருப்பீர்கள். சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்க வந்த பிள்ளையாக இருப்பீர்கள். இல்லையென்றால், கோலாலம்பூரில் வேலை போய், இங்கே வாடகை குறைவு என்று சொந்தபந்தம் இருக்கிற பக்கம் திரும்பியிருப்பீர்கள்.

ஊரே மாற்றத்துக்குப் பழகிய ஊர்தான். இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917-இல், இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். அப்புறம் பால்மர (ரப்பர்) காடுகள் ஒவ்வொன்றாகச் செம்பனையாயின. 2007-இல் ஊர்ப் பெயரும் மாறியது; பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். அப்பா தாத்தா காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது அதே இருட்டில் பேக்டரி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

இப்படி வந்தவர்களில் பல கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. ஜெபிக்க ஆசை இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பழைய தோட்டத்தில் கோயில் மணி அடித்தால் போவோம், உபதேசியார் வந்தால் உட்காருவோம், பாட்டி குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் பாயை விரிப்போம். மணியும் பாட்டியும் இல்லாத வீட்டில் நாமாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றம் வந்த உடனே, "ஆண்டவர் ஏன் இப்படிச் செய்தார், இதற்கு என்ன அர்த்தம்" என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பதில் வர வருஷக்கணக்காகலாம். சிலருக்கு இந்த உலகத்தில் வராமலே போகலாம். அதற்குப் பதிலாக, இன்றைக்கு நடந்ததை இன்றைக்கு உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள். யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்தில் ஜனங்களுக்கு மன்னா கிடைத்தது அன்றன்றைக்கு வேண்டிய அளவுதான். மறுநாளைக்கு என்று பதுக்கியது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு. எகிப்தை விட்டு வந்தவர்கள் புது வாழ்க்கையைக் கற்றுக்கொண்டது இந்த அன்றாடப் படியில்தான். நாமும் அந்த அளவிலேயே தொடங்குவோம்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரணப் புத்தகம் போதும். தோல் அட்டை போட்டது, பொன்னெழுத்தில் வசனம் அச்சடித்தது எல்லாம் வேண்டாம்; அழகான புத்தகத்தில் அழகாக எழுதத்தான் கை போகும். கைப்பேசியிலேயே எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் இரண்டு வரி எழுதுவதற்குள் வாட்ஸ்அப் கூப்பிடும், குடும்பக் குழுவில் யாரோ பிறந்தநாள் கேக் படம் போட்டிருப்பார்கள். பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். காகிதம்தான் நல்லது.

முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு, என்ன மாறியது என்று ஒரே வரியில் எழுதுங்கள். "மே மாதத்தோடு எனக்கு வேலை முடிந்தது." "அப்பா போன பிறகு லயத்து வீட்டுச் சாவியைத் தோட்ட ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தோம்." "மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறேன், இங்கே எது எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது." இப்படிப் போதும். "தேவன் என்னைப் புதிய பாதையில் நடத்துகிறார்" என்று முதல் நாளே எழுத வேண்டாம். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பிரசங்கத்தில் கேட்ட வார்த்தை முன்னால் வந்து நின்றால் உங்கள் வார்த்தை பின்னாலேயே நின்றுவிடும்.

நேரமும் இடமும்

அதிகாலை ஜெபம்தான் உயர்ந்தது என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். முடிந்தவர்களுக்கு நல்லதுதான். ஐந்து மணிக்கு பஸ் ஏறுகிறவருக்கு அது நடக்காத காரியம். இரவு ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவருக்குத் தூங்குவதற்கு முன் பத்து நிமிடம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீடு அமைதியாகும் அந்தக் கால் மணி நேரம் தாய்மார்களுக்கு. சமையல் மேசையின் ஒரு மூலை போதும். தனி அறை இல்லை என்பது தடையே இல்லை. பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்கிற வேளைகள் ஐந்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது கேட்டதும் உட்காருவது என்று வைத்துக்கொண்டாலும் கடிகாரம் தேவைப்படாது.

நேரம் எதுவானாலும் ஒரு வாரம் அதே நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் மாற்றுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து கணக்குத் தீர்க்க வேண்டாம். விட்டது விட்டதுதான், இன்றைய பங்கு இன்றைக்கு இருக்கிறது.

எதை வாசிப்பது

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆதியாகமத்திலிருந்து தொடங்கி, வைராக்கியமாக ஓடி, லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள். அப்புறம் வேதாகமத்தை மூடியதற்கு ஒரு குற்ற உணர்வு வேறு. மாற்றத்தின் நடுவில் இருப்பவர் அதை அட்டைக்கு அட்டை வாசிக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் நிலைமையில் நின்ற ஒருவரை அதற்குள் தேடுங்கள். எனக்குத் தெரிந்தவரை இவை நன்றாக உதவுகின்றன.

ஊர் மாறி வந்தவர்கள் எரேமியா 29-ஐ எடுங்கள். அதில் 11-ஆம் வசனம் நம் வீடுகளில் வசனக் காலண்டரில், வாசலில், கார் கண்ணாடியில் எல்லாம் இருக்கும். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வாக்கு. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. 5 முதல் 7 வரை உள்ள வசனங்களை முதலில் வாசியுங்கள். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள். 10-ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதாவது அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் திரும்பிப் போகப் போவதில்லை. அது தெரிந்தபின் 11-ஆம் வசனத்தை வாசித்தால் நம்பிக்கை என்ற வார்த்தைக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று புரியும். அடுத்த மாதமே எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த வசனம் யாருக்கும் சொல்லவில்லை. இருக்கிற இடத்தில் வேர் விடச் சொல்கிறது.

இதை வாசித்த அன்றே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. வீட்டு முன்னால் அரைச் சாண் மண் இருந்தாலும் ஒரு கறிவேப்பிலைக் கன்றோ செரையோ (எலுமிச்சைப் புல்) நடுங்கள். அடுக்குமாடி என்றால் ஒரு தொட்டியில். வேத வசனத்தைக் கையால் செய்து பார்ப்பதில் மனசுக்கு ஒரு தெளிவு வரும்.

வேலை போனவர்கள், உடம்பும் மனசும் ஓய்ந்துபோனவர்கள் 1 இராஜாக்கள் 19-இன் முதல் எட்டு வசனங்களை வாசியுங்கள். எலியா ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்கிறார். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி. தேவதூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துவிட்டு, எழுந்து சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். இரண்டாம் முறையும் சாப்பாடுதான். ஆகவே, நாலு நாளாகச் சரியாகத் தூங்காமல் "எனக்கு ஜெபிக்க வரவில்லை" என்று வருத்தப்படுகிறவர் முதலில் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கட்டும். அது ஜெபத்துக்கு எதிரான காரியமில்லை.

வாழ்க்கைப்பட்டு வந்தவர்களுக்கும் துணையை இழந்தவர்களுக்கும் ரூத். நாலே அதிகாரம். ரூத்தை மட்டும் பார்க்காதீர்கள், நகோமியையும் கவனியுங்கள். சொந்த ஊருக்குத் திரும்பியும் கசப்போடு வந்த பெண். அந்தக் கசப்பை ஊர்ப் பெண்களிடம் வாய்விட்டுச் சொன்னவள். யாரும் அவள் வாயை அடைக்கவில்லை. ஓய்வு பெற்று வந்தவர்களுக்கு ஆதியாகமம் 12. ஆபிராம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. பிள்ளைகள் சிங்கப்பூருக்கோ வேறு ஊருக்கோ வேலைக்குப் போய்விட்ட பெற்றோருக்குச் சங்கீதம் 121. எட்டு வசனம்தான், போக்கையும் வரத்தையும் காப்பார் என்று முடியும். அதை வாசித்துவிட்டுப் பிள்ளைக்கு ஒரு குரல் செய்தி அனுப்பலாம்.

இதில் எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் மாற்கு. சுவிசேஷங்களில் மிகச் சிறியது, பதினாறு அதிகாரம். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் என்று போங்கள்.

நாலு வரி எழுதுவது

1535-இல் மார்ட்டின் லூத்தர், எப்படி ஜெபிப்பது என்று கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதினார். கேட்டவர் வேதபண்டிதர் இல்லை. லூத்தருக்குச் சவரம் செய்யும் பேதுரு. லூத்தர் சொன்ன முறை நம் வேலைக்காரக் குடும்பங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு வேதப் பகுதியை எடுத்து அதை நாலு விதமாகப் பார்க்கச் சொன்னார். இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்வேன், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். நல்ல சவரத் தொழிலாளி கத்தியிலும் முடியிலும் கண்ணை வைத்திருப்பான், மனசு அலைந்தால் யார் மூக்கையாவது வெட்டிவிடுவான் என்று பேதுருவின் தொழிலிலிருந்தே எடுத்துச் சொன்னார். பால் வெட்டிய கைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம் என்பது நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் போனவர்களுக்குத் தெரியும்.

அந்த நாலையும் நாலு வரியாக எழுதுங்கள். ஒரு பக்கம் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு தகப்பன் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"செவ்வாய். சங்கீதம் 121.
கற்றது: நான் தூங்கினாலும் அவர் தூங்குவதில்லை.
நன்றி: எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக், குப்பை லாரி எந்தெந்தக் கிழமை வரும் என்று தானாக வந்து சொன்னார்.
அறிக்கை: பெரியவனிடம் காரணமில்லாமல் கத்தினேன். பழைய பள்ளிக் கூட்டாளியைப் பார்க்கப் போகலாமா என்றுதான் கேட்டான்.
கேட்பது: வெள்ளிக்கிழமை நேர்முகம். மோட்டாருக்குச் சாலைவரி முடிகிறது. இரண்டுக்கும் வழி வேண்டும்."

பாருங்கள், இதில் பெரிய வார்த்தை ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது வரியை எழுதியவர் அன்றிரவு மகன் பக்கத்தில் போய் உட்காராமல் தூங்க முடியாது. "அப்பா கத்தினது தப்புப்பா, சனிக்கிழமை போலாம்" என்று சொல்லிவிட்டு வருவார். ஆவிக்குரிய வளர்ச்சி என்று நாம் பெரிதாகப் பேசுவது வீட்டுக்குள் இந்த உருவத்தில்தான் தெரியும். கோபம் அவருக்கு மகன்மேல் இல்லை, போன வேலைமேல். எழுதும்போதுதான் அது பிரிந்து தெரிகிறது.

நன்றி வரியில் "ஜீவன், சுகம், பெலன் தந்தீரே" என்று தினமும் ஒரே பாட்டைப் பாட வேண்டாம். அன்று நடந்த ஒரு காரியம், ஒரு ஆள், ஒரு சாப்பாடு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். கேட்கிற வரியிலும் அப்படியே. சாலைவரி ஆண்டவருக்குச் சின்ன விஷயம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

எழுதப் படிக்கத் தடுமாறுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்லப் பேரப்பிள்ளை எழுதட்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை. அந்தப் பிள்ளைக்கும் அது ஒரு வேதபாட வகுப்புதான்.

அழுகையும் கோபமும் வந்தால்

வரும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில்தான் பெரும்பாலும் வருகிறது. வீடு மாறிய அலைச்சலும் சாமான் அடுக்கும் வேலையும் ஓய்ந்த பிறகு, பழைய வீட்டு வாசலில் இருந்த மாமரம் ஞாபகம் வரும். அப்போது ஸ்தோத்திரம் சொல்லி அதை அமுக்காதீர்கள். சங்கீதம் 13-ஐ வாய்விட்டு வாசியுங்கள். ஆறே வசனம். எதுவரைக்கும் கர்த்தாவே, எதுவரைக்கும் என்று மறுபடி மறுபடி கேட்கிறது. கடைசியில் பாட்டில் முடிகிறது உண்மைதான், ஆனால் கேள்வியைத் தாண்டிக் குதித்துப் பாட்டுக்குப் போகவில்லை. பாட்டே வராத நாளும் உண்டு. அதற்குச் சங்கீதம் 88 இருக்கிறது. அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதையும் நம் வேதத்தில் ஜெபமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால் நோட்டுப் புத்தகம் மட்டும் போதாது. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், சொல்லலாம். பேச ஒரு ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 24 மணி நேரமும் எடுப்பார்கள்: 03-7627 2929. மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், எலியாவுக்குத் தூதன் கொண்டுவந்தது சாப்பாடு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், விளக்கம் சொல்ல வருகிறவர்கள். நல்ல எண்ணத்தோடுதான் வருவார்கள். "ஏதோ மறைவான பாவம் இருக்கும், அதனால்தான் வேலை போனது" என்பார்கள். யோவான் 9-இல் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இவனுமல்ல, பெற்றவர்களுமல்ல என்றுதான் ஆண்டவர் சொன்னார். ஒரு நிறுவனம் கணக்குப் பார்த்து ஆட்குறைப்புச் செய்ததற்கு உங்கள் பாவத்தைக் காரணமாக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இன்னும் சிலர், குறிப்பிட்ட தொகையைக் காணிக்கையாகக் கட்டினால் கதவு திறக்கும் என்பார்கள். அந்தப் பணம் வீட்டு வாடகைக்கு வைத்த பணமென்றால் வாடகையைக் கட்டுங்கள். இதை நான் தயக்கமில்லாமல் சொல்கிறேன். நெருக்கடியில் இருக்கும் குடும்பத்திடம் வாக்குத்தத்தத்தைக் காட்டிப் பணம் கேட்பது தவறு.

ஜெபத்தோடு செய்ய வேண்டிய வேலைகள்

வேலை போனவர்கள் ஜெபித்துக்கொண்டே ஒரு காரியத்தைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அதற்குச் சந்தா கட்டிய தொழிலாளி ஆட்குறைப்பில் வேலை இழந்தால், வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை கிடைக்கும், வேலை தேடித் தரவும் உதவுவார்கள். தானாகவே ராஜினாமா செய்தவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. வேலை நிறுத்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கோபத்தில் கிழித்துப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு மாறியவர்கள் மைகார்டில் (அடையாள அட்டையில்) முகவரியை மாற்றுவது, பிள்ளையின் பள்ளி மாற்றம், கிளினிக் கார்டு, இவையெல்லாம் நாலாவது வரியில் எழுதப்பட வேண்டியவைதான். எழுதினால் மறக்காது.

அக்கம்பக்கம் இன்னொரு வேலை. பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுவது என்றால் முதலில் அந்தத் தெருவைத் தெரிந்துகொள்வதுதான். நம் தெருக்களில் இந்துக் குடும்பங்கள்தான் அதிகம் இருக்கும். மலாய்க்காரர், சீனர், வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். குடிவந்த முதல் வாரத்தில் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் போய், "நாங்க புதுசா வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பெரியவர்கள் என்றால் ஐயா, அம்மா. கொஞ்சம் மூத்தவர்கள் என்றால் அண்ணே, அக்கா. தீபாவளிக்கு அவர்கள் முறுக்கு கொடுத்துவிடுவார்கள், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கேக் கொடுத்துவிடுவீர்கள், அதற்கு நடுவில் ஒரு இறப்பு வீட்டில் நாற்காலி எடுத்துப் போடுவீர்கள். புது ஊர் சொந்த ஊராவது பெரும்பாலும் அந்த நாற்காலி எடுத்துப் போட்ட நாளிலிருந்துதான்.

சபை தேடுவது

உங்கள் பழைய சபையின் பிரிவைச் சேர்ந்த ஆலயம் பக்கத்திலேயே இருந்தால் நல்லது. மெதடிஸ்ட், லூத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று இந்நாட்டில் தமிழில் ஆராதனை நடத்தும் சபைகள் பல உண்டு. ஆனால் தோட்டப் பட்டணத்தில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்காது. கிளம்புவதற்கு முன்பே பழைய சபைப் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ மூன்று காரியம் கேட்டு வாங்குங்கள்: அங்கத்தினர் மாற்றுக் கடிதம், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழ், புது ஊர்ப் பக்கம் யாரைப் பார்க்கலாம் என்ற விவரம். பிள்ளைக்குக் கல்யாணம் என்று வரும்போது ஞானஸ்நானச் சான்றிதழுக்காக இரண்டு ஊர் அலைய வேண்டாம்.

புது சபையில் முதல் ஞாயிறு யாரும் வந்து பேசாமல் போகலாம். அதற்காக உடனே வேறு சபை தேடாதீர்கள். தொடர்ந்து ஒரு மாதமாவது போய்ப் பாருங்கள். ஆராதனை முடிந்ததும் வண்டிக்கு ஓடாமல், நாற்காலி அடுக்குகிறவர்களோடு நின்று அடுக்குங்கள், கோப்பி கலக்குகிற இடத்தில் நில்லுங்கள். பேச்சு தானாக வரும். ஆலயம் தூரம், மோட்டாரில் குடும்பத்தோடு போக முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் கேளுங்கள், அந்தப் பக்கம் கார் வருகிற குடும்பம் ஒன்று இருக்கும்.

மாதம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது

மாதக் கடைசியில் ஒரு மாலை, புதிதாக எதையும் எழுதாமல் எழுதியதை மட்டும் வாசியுங்கள். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். திரும்பத் திரும்ப வருகிற பெயருக்கும் பயத்துக்கும் கீழே கோடு போடுங்கள். அறிக்கை வரியில் ஒரே கோபம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று பாருங்கள். கேட்டு நடந்தவற்றுக்குப் பக்கத்தில் தேதி போடுங்கள். நடக்காதவற்றை அழிக்க வேண்டாம், அடுத்த மாதத்துக்கு எடுத்து எழுதுங்கள்.

வளர்ந்திருக்கிறோமா என்று எப்படித் தெரியும்? உணர்ச்சியை வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். கலாத்தியர் 5-இல் பவுல் சொல்லும் கனிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீடிய பொறுமை என்று வைத்துக்கொள்வோம். போன மாதம் மூன்று நாள் பேசாமல் இருந்த சண்டை இந்த மாதம் ஒரு நாளில் முடிந்ததா? முடிந்திருந்தால் அது வளர்ச்சி. செம்பனை நட்டு முதல் குலை வெட்டச் சுமார் மூன்று வருஷம், பால்மரத்துக்கு அதைப் போல இரண்டு பங்கு. தோட்டத்துப் பிள்ளைகளான நமக்குக் காத்திருப்பது புதுசில்லை. பிலிப்பியர் 4-இல் எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று எழுதியபோது பவுல் காவலில் இருந்தார். கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்கிறார். பிறக்கும்போதே அவருக்கு அது வந்துவிடவில்லை.

ஒரு துணை

மூன்று மாதம் தனியாகச் செய்தபின் ஒரு துணையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜான் வெஸ்லி 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தொடங்கிய சிறு வகுப்புகளில் பன்னிரண்டு பேர் அளவில் வாரம் ஒருமுறை கூடி, உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். சுரங்கத் தொழிலாளிகளும் சாதாரண வேலைக்காரர்களும்தான் அதில் நிறைய இருந்தார்கள். நமக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம், ஒருவர் போதும். ஆண்கள் ஆணையும் பெண்கள் பெண்ணையும் தேர்ந்தெடுப்பது நல்லது. வயது வித்தியாசம் பரவாயில்லை; ஒரு பாட்டிக்கும் புதிதாக வந்த மருமகளுக்கும் இது அருமையாக ஒத்துப்போகும்.

அரை மணி நேரம், வாரம் ஒருமுறை. இரண்டே ஒழுங்கு: கேட்காமல் புத்தி சொல்லக் கூடாது, கேட்டது வெளியே போகக் கூடாது. இரண்டாவதை ஒருவர் மீறினால் அந்தச் சந்திப்பை நிறுத்திவிடுங்கள், சின்ன ஊரில் பேச்சு ஒரு சாயங்காலத்தில் ஊரைச் சுற்றிவிடும். நோட்டுப் புத்தகத்தைக் காட்ட வேண்டியதில்லை. அந்த வாரம் எழுதியதில் ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு, அதற்காக மற்றவர் ஜெபித்தால் போதும். உட்கார இடம் இல்லையென்றால் பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) சேர்ந்து நடந்துபோகும் வழியிலேயே இதைச் செய்யலாம். ஜெபத்தை மட்டும் கூட்டத்துக்குள் நுழையும் முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.